கணப்பில் காய்ந்த பேட்டரி

அன்பு மகனே,

நீ அனுப்பிய பார்சல் நேற்றுக் காலை வந்து சேர்ந்தது. அதைப் பிரித்ததிலிருந்து இந்த நிமிஷம் வரை எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. உன் அம்மா இரண்டு தடவை சுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டாள். கார் உலர்த்தக் காற்றடிக்கிற புது ப்ளோயர் நன்றாகத்தான் இருக்கிறது, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. என்னை உலுக்கிப் போட்டது சார்ஜர் மேல் நீ ஒட்டியிருந்த வெள்ளைத் தாள். "அப்பா, இத கணப்பு பக்கம் மட்டும் வைக்காதீங்க" என்று உன் கோணல் எழுத்தில், மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கிறாய். ஒரே ஒரு வரி. அதைப் படித்துவிட்டு வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நம் வீட்டுக் கரிக் கணப்பைப் பற்றி நான் உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உன் அம்மாவும் சொன்னதில்லை என்று மாதா மேல் சத்தியம் செய்கிறாள். அப்படியானால் உனக்கு எப்போதிருந்து தெரியும்? தெரிந்துகொண்டேதான் ஒரு வருஷமாக என் வாயிலிருந்து அத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டாயா?

போன வாரம் போனில் நீ, "கோயம்புத்தூரு வீட்டுல காரு நிறுத்துற எடம் ஒரே தூசிப்பா. கழுவுனா தண்ணியும் அங்கங்க நிக்கிது. எனக்கும் ஒரு ப்ளோயர் வாங்கணும், எது பாக்கலாம்னு சொல்லுங்க" என்று கேட்டாய். "எனக்கென்னலே தெரியும், படிச்சவன் நீ" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்திருப்பாய். அது கோபமில்லை, பயம். ப்ளோயர் என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு அந்தப் பயம் வந்துவிடும். இன்றைக்கு உன் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். அதோடு ஒரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததையும் எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. நேரில் பேச ஆரம்பித்தால் நான் கத்திக் காரியத்தைக் கெடுத்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

கொடைக்கானலில் காரைக் கழுவுவது ஒரு வேலையே இல்லை, அதை உலர்த்துவதுதான் வேலை. முப்பது வருஷமாக டூரிஸ்ட் கார் ஓட்டுகிற எனக்கு இது தெரிந்ததுபோல வேறு யாருக்கும் தெரியாது. சமவெளியில் பத்து நிமிஷ வெயில் போதும். இங்கே நீ துடைத்துக்கொண்டு இருக்கும்போதே மஞ்சு மூட்டம் இறங்கி மறுபடியும் நனைத்துவிட்டுப் போகும். விடிவதற்கு முன்னால் ட்ரிப் என்றால் அதற்கும் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்து, துணியைப் பிழிந்து பிழிந்து துடைத்து, விரல் மரத்துப்போய், பிறகு அந்த விரலைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கி ஸ்டியரிங் பிடிப்பேன். அப்படித் துடைத்தாலும் பக்கவாட்டுக் கண்ணாடிக்கு உள்ளே நிற்கிற தண்ணீர் போகாது. கதவைத் திறந்ததும் பொலபொலவென்று சவாரி வருகிற பார்ட்டியின் கை மேல் ஊற்றும். ஒருமுறை துணியில் ஒட்டியிருந்த மணல் பட்டு, புது வண்டியின் கதவு முழுக்க ஒரு நீளக் கீறல் விழுந்துவிட்டது. அன்று ராத்திரி நான் சாப்பிடாமல் படுத்ததை அம்மா சொல்லக் கேட்டுத்தான் நீ ப்ளோயர் பேச்சையே எடுத்தாய்.

அப்போது போனில் என்னிடம் சில கேள்விகள் கேட்டாய். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஊதுவீங்க, ஷெட்டைக் கூட்டுறதுக்கும் சேர்த்தா, யாரு பிடிப்பாங்க, எங்க வச்சு சார்ஜ் போடுவீங்க, அங்க எவ்வளவு குளிரும் என்று. நல்ல கேள்விகள். ஒன்றுக்காவது நான் ஒழுங்காகப் பதில் சொன்னேனா? "ஏலே, ஒரு காத்தடிக்கிற மெஷினுக்கு இம்புட்டு கேள்வியா? பொண்ணு பாக்குறப்பக்கூட இவ்வளவு கேக்க மாட்டாங்க. ஏதோ ஒண்ண வாங்கி அனுப்புலே" என்றேன். நீ சிரித்துக்கொண்டு வைத்துவிட்டாய். ஆனாலும் நல்ல சாமானாகத்தான் பார்த்து அனுப்பினாய். பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. படம் போட்டுத் தமிழிலும் அச்சடித்திருந்தார்கள். அதை நான் பெட்டியோடு சேர்த்துப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். நடந்தது அத்தனைக்கும் ஆரம்பம் அங்கேதான் என்று இப்போது தெரிகிறது.

அந்த மூன்று மாதம் எனக்கு இன்னொரு கை முளைத்த மாதிரி இருந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அதில் கற்றுக்கொண்டதைத்தான் நீ கேட்ட கேள்விக்குப் பதிலாகச் சொல்கிறேன். கையில் தூக்கிப் பார்க்காமல் வாங்காதே, அதுவும் பேட்டரியை மாட்டித் தூக்கிப் பார். கடையில் பேட்டரி இல்லாமல் கையில் கொடுப்பார்கள், லேசாக இருக்கும். மாட்டியபின் அதைப் பிடித்துக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றினால் மணிக்கட்டு சொல்லிவிடும். பெட்டியின் மேல் காற்றின் வேகத்தை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை நம்பாதே, எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்பதையும் கேள். வேகம் மட்டும் இருந்தால் ஒரு இடத்தில் ஊசியாகக் குத்துமே தவிர, பானெட் மேல் நிற்கிற தண்ணீரை அகலமாகத் தள்ளிக்கொண்டு போகாது. விசையை அமுக்க அமுக்கக் காற்று கூடுகிறதாக இருக்க வேண்டும். ஷெட் மூலையில் சருகைத் தள்ள முழு வேகமும், கண்ணாடி ஓரத்துக்கும் கதவுக் கைப்பிடிக்கும் அரை வேகமும் வேண்டும். காற்று வருகிற மூக்கு நுனியில் ரப்பர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள், இல்லாவிட்டால் கை அசந்தால் பெயின்டில் இடித்துவிடும். பிரஷ் இல்லாத மோட்டார் என்றால் பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும். உன் டிரில்லிங் மெஷினின் பேட்டரியே இதற்கும் சேருமா என்று கேட்டுக்கொள், சேர்ந்தால் கையில் இன்னொரு பேட்டரி இருக்கிற மாதிரி.

காற்றை உள்ளே இழுக்கிற வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பார். முதல் நாள் நான் பெரிய ஆள் மாதிரி மப்ளரைத் தொங்கவிட்டுக்கொண்டு விசையை அமுக்கினேன். மெஷின் என் மப்ளரைப் பின்பக்கமாகச் சப்பென்று பிடித்துக்கொண்டது. நான் கழுத்தும் மெஷினுமாகச் சுற்ற, உன் அம்மா சிரித்துச் சிரித்துக் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஷெட்டைச் சுத்தம் செய்வதென்றால் காரை வெளியே எடுத்துவிட்டு முதலில் தரையை ஊது, பிறகு காரைக் கழுவு. மாற்றிச் செய்தால் தரை மண் எல்லாம் ஈர பெயின்டில் போய் அப்பிக்கொள்ளும், அதற்குத் துணியே தேவலாம். எலிப் புழுக்கை கிடந்தால் ஊதாதே, நனைத்துத் துணியால் எடு. பெட்ரோல் சிந்தியிருந்தால் அந்தப் பக்கம் மெஷினைக் கொண்டே போகாதே.

இனி ஜனவரிக்கு வருகிறேன். போன வருஷம் புல்வெளியெல்லாம் உறைபனி விழுந்த மாதம். வெள்ளனே எழுந்து ஷெட்டில் பேட்டரியைச் சார்ஜரில் மாட்டினால் சிவப்பு விளக்கு சிமிட்டும், ஏறாது. பேட்டரி குளிரில் விறைத்துப்போய்விட்டது என்று நினைத்தேன். பாதி சரிதான். அந்தக் குளிரில் ஏற்றினால் பேட்டரி கெட்டுப்போகும் என்று சார்ஜர் தானாகவே நிறுத்திக்கொள்கிறது. வீட்டுக்குள் கொண்டுவந்து அரைமணி நேரம் சும்மா வைத்திருந்தால் போதும். அது அந்தப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இருந்திருக்கும், நேற்றுத்தான் புதுப் புத்தகத்தில் படித்தேன். எனக்கு அரைமணி நேரம் பொறுமை ஏது? நம் வீட்டில் ஈரம் எதுவாக இருந்தாலும், குளிர் எதுவாக இருந்தாலும், கணப்புத்தானே? இரும்புச் சட்டியில் கரியைப் போட்டு, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் உன் பள்ளிக்கூட ஸ்வெட்டரிலிருந்து என் சாக்ஸ் வரைக்கும் உலர்த்தி வளர்ந்த வீடு இது. பேட்டரியையும் சட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்தேன். எடுத்துப் போய் மாட்டினால் பச்சை விளக்கு! என்னமோ நானே கண்டுபிடித்த மாதிரி ஒரு குஷி. அடுத்த வாரம் பக்கத்தில் வைப்பது போய்க் கூடைக்கு மேலேயே வைக்க ஆரம்பித்தேன். சட்டென்று சூடாகுமல்லவா? அதோடு நிற்கவில்லை. கார் ஸ்டாண்டில் நம் சவரிமுத்துவும் அதே மாதிரி ஒன்று வாங்கியிருந்தான். அவனிடமும், "ஏலே சவரி, செகப்பு லைட்டு எரிஞ்சா பயப்படாத. கணப்புல கொஞ்சம் காட்டு, சொன்ன பேச்சு கேக்கும்" என்று பாடம் நடத்தினேன். இந்தச் சவரியை மனதில் வைத்துக்கொள், திரும்ப அவனிடம் வருவேன்.

அது நடந்த அன்றைக்குக் காலை ஐந்தரை மணி. நான் வெளியே கார் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். உள்ளே உன் அம்மா, காய்ந்த துணிகளைக் கூடையிலிருந்து எடுக்கப் போயிருக்கிறாள். உஸ்ஸென்று குக்கர் மாதிரி சத்தம் கேட்டதாம், பார்த்தால் பேட்டரி உப்பிக்கொண்டு வெள்ளையாகப் புகைகிறது. பக்கத்திலேயே துணிக் குவியல், ஜன்னல் திரை, மரக் கூரை. அவள் யோசிக்கவில்லை. ஒரு துண்டால் அதைப் பிடித்துத் தூக்கிப் பின்வாசல் வழியாக வீசினாள். வீசிய அந்த ஒரு நொடிக்குள் பிளாஸ்டிக் உருகித் துண்டோடு சேர்ந்து அவள் வலது உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. "ஏங்க, வெரசா வாங்க!" என்ற அந்தக் குரல் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் கையை முன்னால் நீட்டிக்கொண்டு, அது வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. நான்தான் அழுதேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆனது என்று கேட்டார். உன் அம்மா வாயைத் திறப்பதற்குள் நான், "பையன் ஆன்லைன்ல வாங்கி அனுப்புன சாமான் சார், மட்டமான சாமான், வெடிச்சிருச்சு" என்றேன். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை, யாரும் சந்தேகப்படவும் இல்லை. அவர் கேட்டது மருந்து போடுவதற்காக. அந்தப் பொய் எங்கிருந்து வந்தது? அவ்வளவு வேகமாக, அவ்வளவு சுத்தமாக எனக்குப் பொய் வரும் என்று ஐம்பத்தெட்டு வருஷமாக எனக்கே தெரியாது. பிறகு உனக்குப் போன் போட்டேன். "ஏலே, என்னத்தலே வாங்கி அனுப்புன? ஒங்கம்மா கை வெந்து கெடக்கு" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினேன். கத்தக் கத்த எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் உன் அம்மா, "ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். "பிள்ளதானே, பொறுத்துக்குவான். நீ ஒண்ணும் சொல்லிக்கிடாத" என்றேன். அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நீ மறுநாள் மத்தியானம் வந்தாய். அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு நேராக ஷெட்டுக்குப் போனாய். கருகிப்போன பேட்டரியை நான் பெயின்ட் டப்பாவில் மணல் போட்டு வைத்திருந்தேன். அதை எடுத்து வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உள்ளே வந்து, "நான்தான்பா இன்னும் கொஞ்சம் பாத்து வாங்கியிருக்கணும்" என்றாய். எனக்கு அப்பாடா என்று இருந்தது. தம்பி, இதை எழுதக் கை கூசுகிறது. என் மனைவியின் கை வெந்து, என் பிள்ளை தலைகுனிந்து நிற்கிறான், எனக்கு அப்பாடா என்று இருந்தது. சாக்லேட் கடையில் ஒரு மணி நேரத்தில் டப்பா டப்பாவாகத் தாள் சுற்றித் தள்ளுகிறவள் உன் அம்மா. ஐந்து மாதம் அந்த வேலைக்குப் போக முடியவில்லை. ஆள்காட்டி விரல் இன்றைக்கும் முழுசாக மடங்குவதில்லை.

ஆகஸ்டில் கன்னிவாடியிலிருந்து பெண் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வந்தார்கள். டம்ளரை இடது கையால் நீட்டுகிறாளே என்று சம்பந்தியம்மா உன் அம்மாவின் கையைக் கவனித்துவிட்டு விசாரித்தார்கள். அங்கேயாவது சும்மா இருந்தேனா? "பையன் வாங்கிக் குடுத்த மெஷினுங்க, வெடிச்சிருச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைங்க எதையும் பாத்து வாங்குறதில்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். நீ பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். சம்பந்தியின் முகம் மாறியதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர்களிடமிருந்து பதிலே வரவில்லை. உனக்கு அந்தப் பிள்ளையை எவ்வளவு பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். அந்த மாதம் நீ போன் செய்யும்போதெல்லாம் வேறு எதையாவது பேசிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் "கன்னிவாடில இருந்து ஏதும் சொன்னாங்களாப்பா?" என்று கேட்பாய். ஏன் பதில் வரவில்லை என்று நமக்கு இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. நீ என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

நேற்று உன் தாளைப் படித்துவிட்டு ஷெட்டுக்குப் போய் அந்தப் பெயின்ட் டப்பாவை எடுத்தேன். இந்த ஒரு வருஷத்தில் அதை நான் திறந்து பார்த்ததே இல்லை. மணலைத் தட்டிவிட்டுப் பார்த்தால், உருகிய பிளாஸ்டிக்கின் அடியில் கட்டம் கட்டமாக ஒரு அச்சு. நம் மூங்கில் கூடையின் பின்னல். ஒரு கீற்று உடைந்து கம்பியால் கட்டியிருக்கிறேனே, அந்தக் கம்பியின் சுற்றுக்கூட அப்படியே பதிந்திருக்கிறது. மெஷின்களோடு பிழைக்கிற உனக்கு அதைப் பார்த்த அந்த நிமிஷமே எல்லாம் விளங்கியிருக்கும். விளங்கிக்கொண்டுதான் உள்ளே வந்து "நான்தான்பா" என்று சொல்லியிருக்கிறாய். அந்த டப்பாவைப் பிடித்தபடி நிற்கும்போதுதான் சவரியின் ஞாபகம் வந்தது. அவனுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவன் நான். அது தப்பு என்று சொல்லாமல் விட்டவனும் நான். இப்போது மறுபடியும் ஜனவரி, மறுபடியும் உறைபனி.

சவரி வீடு ரோட்டில் இரண்டு வளைவு மேலே இருப்பது உனக்குத் தெரியும். காரை எடுக்கத் தோன்றவில்லை, குறுக்குப் படியில் ஏறி ஓடினேன். இந்த வயதில் அந்தப் படியில் ஓடுவேன் என்று யாராவது சொன்னால் நானே நம்பமாட்டேன். உள்ளே போனால், நடுவீட்டில் கணப்பு. கவிழ்த்த கூடை மேல் குட்டிக் குட்டிக் கம்பளிக் குல்லா, சாக்ஸ், அவற்றுக்கு நடுவே ஒரு துணியில் சுற்றிப் பேட்டரி. நாலு அடி தள்ளித் தொட்டிலில் அவனுடைய ஐந்து மாதக் குழந்தை தூங்குகிறது. அடுப்படியிலிருந்து இடுக்கியை எடுத்துக்கொண்டு வந்து, பேட்டரியைத் துணியோடு தூக்கி, வெளியே வெறும் தரையில் தூரமாகப் போட்டுவிட்டு வந்தேன். ஒரு பக்கம் லேசாக உப்பியிருந்தது. இன்னும் ஒரு நாள் தாங்கியிருக்குமோ, ஒரு மணி நேரம் தாங்கியிருக்குமோ, யாருக்குத் தெரியும்?

சவரி ஓடி வந்து, "என்ன அண்ணே, என்ன பண்றீங்க? நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?" என்றான்.

"தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன் சவரி. எங்க வீட்டுலயும் இதேதான். கணப்புல வச்சுத்தான் வெடிச்சுச்சு. வச்சது நாந்தான்."

"தம்பி வாங்குன சாமான் மட்டம்னுதானே ஸ்டாண்டு முழுக்கச் சொன்னீங்க? அதக் கேட்டுட்டு, நம்மளோடது நல்ல சாமான், ஒண்ணும் ஆகாதுன்னு தைரியமா வச்சுக்கிட்டிருந்தேன் அண்ணே" என்றான். அவன் சத்தம் போடவில்லை. அவன் மனைவி தொட்டிலிலிருந்து குழந்தையை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சாகும் வரைக்கும் அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். என் பொய் உன் தலையோடு போய்விட்டது, உனக்கு ஒரு திட்டு, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அது இரண்டு வளைவு ஏறிப்போய் ஒரு தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, தம்பி.

இன்றைக்குக் காலைப் பூசையில் உன் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். இன்னார் மகன் என்று என் பெயரைச் சொல்லி, உன் பெயரைச் சொல்லி, அந்தப் பிள்ளையின் பெயரையும் சொல்லி, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்று பங்குச் சாமியார் வாசித்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. கொடைக்கானல் ஜனவரியில், கோயிலுக்குள், எனக்கு வேர்த்தது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், சந்தோஷமாகத்தான். இந்தக் கல்யாணத்துக்கு ஒரே ஒரு தடை வந்ததே, அந்தத் தடை நான்தானே என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் மதில் ஓரமாக நின்று கன்னிவாடிக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், கூடை அச்சு வரைக்கும்.

"அன்னைக்கு நீங்க உள்ள போனப்புறம் மாப்பிள்ளையத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன்ங்க" என்றார் சம்பந்தி. "பெத்த தாய்க்கு வாங்குறதுலகூடக் கவனம் இல்லைன்னா எப்படித் தம்பின்னு கேட்டேன். தப்புதாங்க, இனிமே பாத்து வாங்குறேன்னு சொன்னாப்ல. வேற ஒரு வார்த்தை சொல்லல. அத நெனச்சுத்தான் நாங்க ஒரு மாசம் தயங்குனோம்."

"எனக்குத் தெரியாதுங்க சம்பந்தி" என்றேன். அங்கேயும் நீ பழியை ஏற்றுக்கொண்டது சத்தியமாக எனக்குத் தெரியாது.

"ஓலையே வாசிச்சாச்சு. இதச் சொல்லாமலே விட்டிருக்கலாமே நீங்க?"

"அப்படி விட்டுத்தாங்க நேத்து ஒரு பச்சப்பிள்ளை எரியப் பாத்துச்சு" என்றேன். அவர் எனக்குச் சமாதானம் சொன்னார். என் பிள்ளையைப் பற்றி அவரிடம் அவதூறு சொன்னவன் நான், அவர் எனக்குச் சமாதானம் சொல்கிறார்.

உன் மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, எழுதிவிடுகிறேன். பழி முழுக்க என்னுடையதுதான், அதில் உனக்குப் பங்கு இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "அப்பா, இது கூடை அச்சு, நீங்கதான் வச்சிருக்கீங்க" என்று நீ சொல்லியிருந்தால் நான் குதித்திருப்பேன், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன், மூன்றாம் நாள் சவரியிடம் போய்ச் சொல்லியிருப்பேன். நீ என் மானத்தைக் காப்பாற்றினாய். அப்பனுக்கு அந்த அளவு மானம் வேண்டாம். உன் வீட்டிலும் இதைச் செய்யாதே. நாளைக்கு உன் மனைவி ஒரு தப்புச் செய்தால் அதை நீ எடுத்துப் போட்டுக்கொண்டு பெரிய மனுஷனாக உட்காராதே, நீ செய்ததை அவள் தலையில் கட்டவும் செய்யாதே. அவள் ஒரு சின்னச் சாமான் வாங்குவதற்கு ஆயிரம் கேள்வி கேட்டால் என்னை மாதிரி எரிந்து விழாதே, உட்கார்ந்து பதில் சொல்.

ப்ளோயர் விஷயத்தில் கடைசியாக ஒன்று. மத்தியானம் புதுசை எடுத்துக் கார் துடைக்கலாம் என்று போனேன். உன் அம்மா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பழசைவிடப் பாதி கனம்தான் இருக்கும்போல. விசையை அமுக்க விரலை மடக்க வேண்டியதில்லை, அகலமான கட்டை மாதிரி இருக்கிறது, உள்ளங்கையால் அழுத்தினாலே போதும். மடங்காத அந்த விரலை நீட்டி வைத்துக்கொண்டே அவள் பக்கவாட்டுக் கண்ணாடி இரண்டிலும் இருந்த தண்ணீரை ஊதித் தள்ளினாள். தள்ளிவிட்டு என்னைப் பார்த்து, "எனக்குன்னு பாத்து வாங்கியிருக்கான்ங்க" என்றாள். எத்தனை கடை ஏறி, எத்தனை மெஷினைக் கையில் பிடித்துப் பார்த்து இதை வாங்கினாயோ. நான் மேலே எழுதியிருக்கிற வேகம், மோட்டார் எல்லாம் இதற்கு அப்புறம்தான். யார் கை பிடிக்கப் போகிறது என்பதை முதலில் பார். அது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சார்ஜரைச் சமையலறை அலமாரியில் வைத்திருக்கிறேன், கணப்பிலிருந்து தூரமாக, வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிற இடத்தில். கல்யாணத்துக்கு முன்னால் சம்பந்தி வீட்டார் வருவார்கள், அவர்களும் பார்ப்பார்கள். நீ ஒட்டிய தாளை நான் கிழிக்கவில்லை. உன் வரிக்குக் கீழே, அதே மாதிரி மார்க்கர் பேனா வாங்கி வந்து, நானும் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: "போன வருஷம் வைத்தது நான், என் மகன் இல்லை." கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

அப்பா